ஃபிஷ்ஐ வேற, அல்ட்ரா வைட் வேற: ஒரு டார்ச் லைட்ட வச்சுப் புரிஞ்சுக்கலாம்

பாம்பன் ரோடு பாலத்துல சாயங்காலம் ஆனா போதும், வண்டிய ஓரங்கட்டிட்டு ஆளாளுக்கு போன எடுத்து ரயில் பாலத்தப் படம் பிடிப்பாங்க. அப்ப காதுல விழற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், "0.5 போடு மாப்ள, ஃபிஷ்ஐ மாதிரி மொத்தமா வரும்". 0.5ங்கறது போன்ல அகலமா எடுக்கற லென்ஸ். கல்யாண போட்டோ எடுக்கற நம்ம ஆளுங்ககிட்டயே கேட்டாலும் அகலமா எடுக்கற எல்லா லென்ஸையும் ஃபிஷ்ஐனு சொல்றவங்க இருக்காங்க, கோடு வளைஞ்சிருந்தா அது மட்டமான லென்ஸுனு சொல்றவங்களும் இருக்காங்க, 14 எம்எம் அல்ட்ரா வைட் லென்ஸ் (எம்எம் குறையக் குறைய அகலம் கூடும்) வாங்கினா எதுவுமே கோணாம வரும்னு நம்பி காசக் கொட்றவங்களும் இருக்காங்க. மூணுமே தப்பு. ஆனா அது அவங்க குத்தம் இல்ல, இத யாரும் முதல்ல இருந்து பொறுமையா சொல்லிக் கொடுத்தது இல்ல. அதுக்குத்தான் இத எழுதறேன், கணக்கு தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல.

சுத்தி இருக்கறது உருண்டை, போட்டோ தட்டை

தனுஷ்கோடி கடைசியில இருக்கற அரிச்சல்முனையில போய் நின்னுக்கோங்க. முன்னாடி கடல், வலது பக்கம் கடல், இடது பக்கம் கடல், தலைக்கு மேல வானம். நீங்க ஒரு பெரிய உருண்டைக்கு நடுவுல நிக்கற மாதிரி, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காட்சி இருக்கு. ஆனா போட்டோங்கறது தட்டையான ஒரு சதுரம், பேப்பரா இருந்தாலும் போன் ஸ்கிரீனா இருந்தாலும். உருண்டையில இருக்கறத தட்டைக்குக் கொண்டு வரணும், இதான் மொத்தப் பிரச்சனையே.

ஒரு ரப்பர் பந்த பாதியா வெட்டி தரையில வச்சு அமுக்கிப் பாருங்க. ஒண்ணு ஓரம் இழுபடும், இல்ல நடுவுல மடியும், இல்ல கிழியும். எதுவும் ஆகாம தட்டையாக்கவே முடியாது. உலக மேப்புல கிரீன்லாந்து அவ்ளோ பெருசா தெரியறதும் இதே காரணத்தாலதான். லென்ஸும் அதையே செய்யுது, உருண்டையான காட்சிய சென்சார்ங்கற தட்டையான சில்லு மேல பரப்புது. கொஞ்சூண்டு இடத்த மட்டும் எடுக்கறப்ப, அதாவது சாதாரண லென்ஸுல, பந்துல இருந்து ஒரு பொட்டு அளவுக்கு வெட்டி எடுத்த மாதிரி, அது கிட்டத்தட்ட தட்டையாவே இருக்கறதால யாருக்கும் எதுவும் தெரியாது. பந்துல பாதிய எடுக்கணும்னு ஆசைப்படறப்பத்தான் எதையாவது விட்டுக் கொடுத்தாகணும்.

சுருக்கமா, அகலமா எடுக்கற எந்த லென்ஸும் எதையோ இழக்குது. எத இழக்குதுங்கறதுலதான் ஃபிஷ்ஐயும் அல்ட்ரா வைடும் பிரியுது.

சுவத்துல அடிச்ச டார்ச்

ராத்திரி கரண்ட் போன நேரம், ஒரு நீளமான சுவருக்கு முன்னாடி ரெண்டடி தள்ளி நின்னு டார்ச் அடிங்க. நேரா அடிச்சா அழகான வட்டம். நின்ன இடத்துல இருந்து நகராம கைய மட்டும் மெதுவா வலது பக்கம் திருப்புங்க, வட்டம் நீண்டு கோழிமுட்டை மாதிரி ஆகும், இன்னும் திருப்பினா சுவர் நெடுக இழுத்துக்கிட்டே போகும். டார்ச்சுல இருந்து வர்ற வெளிச்சம் அதேதான், அது சுவத்துல சரிவா விழறதால நீளுது.

அல்ட்ரா வைட் லென்ஸ் செய்யறது அச்சு அசலா இதுதான். இதுக்கு ரெக்டிலீனியர்னு பேரு, நிஜத்துல நேரா இருக்கற கோட்ட படத்துலயும் நேராவே வைக்கற லென்ஸ்னு அர்த்தம். கதவு நிலை, தூண், தண்டவாளம், கடல் எல்லைக்கோடு எல்லாம் படத்துல எங்க இருந்தாலும் நேரா இருக்கும். அதுக்கு அது கொடுக்கற விலை அந்த நீண்டு போன டார்ச் வட்டம், அதாவது ஓரத்துல இருக்கற பொருள் எல்லாம் வெளிப்பக்கமா இழுபடும்.

எவ்ளோ இழுபடும்னா, படத்தோட நடுவுல இருந்து 45 டிகிரி தள்ளி இருக்கற ஒரு பொருள் வெளிப்பக்கமா 2 மடங்கும், அதுக்குக் குறுக்கா 1.4 மடங்கும் நீளும். 60 டிகிரிக்குப் போனா 4 மடங்கு, 2 மடங்கு. 90 டிகிரியில? டார்ச்ச சுவருக்கு இணையா நேரா பக்கவாட்டுல அடிச்சா வெளிச்சம் சுவரத் தொடவே தொடாது இல்லையா, அதான் பதில். பள்ளிக்கூடத்துல டேன் 90 முடிவில்லாததுனு படிச்சிருப்போம், அது இங்கதான் வந்து நிக்குது. அதனால ரெக்டிலீனியர் லென்ஸால 180 டிகிரிய எடுக்கவே முடியாது, எந்த கம்பெனி எவ்ளோ செலவு பண்ணாலும் முடியாது. கேனன் 2015-ல கொண்டு வந்த 11-24 எம்எம் ஜூம் மூலைக்கு மூலை 126 டிகிரி எடுக்கும், அந்த அளவுக்குப் போறதே பெரிய சாதனை.

எனக்கு இது உறைச்சது உச்சிப்புளி பக்கம் ஒரு கல்யாணத்துல. சின்ன மண்டபம், பின்னாடி போக இடமில்ல, முப்பது பேர் மேடையில, நான் 14 எம்எம் போட்டு எடுத்துட்டேன். மேடை, தூண், வாழைமரம் எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா வந்துச்சு, எனக்கு ரொம்ப திருப்தி. ஆல்பம் குடுக்கப் போனப்ப வரிசையில கடைசியா நின்ன மாப்பிள்ளையோட பெரியம்மா அந்தப் பக்கத்தயே ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஏப்பா, நான் இம்புட்டுப் பெருசாவா இருக்கேன்"னு கேட்டாங்க. ஃபுல் ஃபிரேம் கேமராவுல, அதாவது 36-க்கு 24 எம்எம் சென்சார் இருக்கற கேமராவுல, 14 எம்எம்மோட பக்க ஓரத்துல ஒரு தலை உயரத்த விட ஒன்றரை மடங்குக்கு மேல அகலமாயிடும். அவங்க அப்படி இல்லவே இல்ல, நான்தான் அவங்கள டார்ச் வட்டம் நீள்ற இடத்துல நிக்க வச்சுட்டேன். அன்னைல இருந்து அல்ட்ரா வைட்ல ஓரத்துல ஆள நிக்க விடறதே இல்ல, ரெண்டு வரிசையா நெருக்கி நடுவுக்குக் கொண்டு வந்துருவேன், இல்லன்னா மண்டபக் கதவத் தொறந்து வெளிய இருந்தாவது 24 எம்எம்ல எடுப்பேன்.

அந்தச் சுவர வளைச்சா ஃபிஷ்ஐ

இப்ப சுவருக்குப் பதிலா ஒரு பள்ளிவாசல் குவிமாடத்த நினைச்சுக்கோங்க, அந்த உருண்டையோட சரியான நடுவுல இருந்து டார்ச் அடிக்கறீங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்டம் வட்டமாவே இருக்கும், அளவும் மாறாது, ஏன்னா எல்லாப் பக்கமும் ஒரே தூரம். 90 டிகிரி பக்கவாட்டுலயும் அது சுவர்ல விழும், அதுக்கு மேல கொஞ்சம் பின்னாடி திருப்பினாலும் விழும். ஃபிஷ்ஐ இந்த வழியத்தான் பிடிக்குது. அதனாலதான் அது 180 டிகிரிய சாதாரணமா எடுத்துருது. நிக்கான் செஞ்ச 6 எம்எம் ஃபிஷ்ஐ ஒண்ணு 220 டிகிரி பாக்கும், அதாவது தனக்குக் கொஞ்சம் பின்னாடி இருக்கறதயும் சேத்து, எடை 5 கிலோவுக்கு மேல.

ஆனா குவிமாடத்துல விழுந்த படத்த கடைசியில தட்டையான சென்சார்ல வைக்கணுமே, அங்கதான் கோடு வளையுது. இதுக்கு ஒரு குடைய எடுத்துக்கோங்க. விரிச்ச குடையில உச்சியில இருந்து ஓரத்துக்கு ஓடற கம்பிங்க இருக்கு. குடைத்துணிய அப்படியே தரையில தட்டி விரிச்சா அந்தக் கம்பி ஓடின கோடு எல்லாம் நேராவே இருக்கும், நடுவுல இருந்து வெளிய போறதால. ஆனா உச்சியத் தொடாம ஒரு பக்கமா துணி மேல குறுக்க வரைஞ்ச கோடு வில்லா வளைஞ்சிரும்.

ஃபிஷ்ஐக்கு இருக்கற விதி இது ஒண்ணுதான்: படத்தோட நடுப்புள்ளி வழியா போற கோடு நேரா இருக்கும், மத்ததெல்லாம் வெளிப்பக்கமா வளையும். நடுவுல இருந்து எவ்ளோ தள்ளியோ அவ்ளோ வளைவு.

ஆக ரெக்டிலீனியர் கோட்டக் காப்பாத்துது, பொருளோட உருவத்த ஓரத்துல இழக்குது. ஃபிஷ்ஐ உருவத்த ஓரளவுக்குக் காப்பாத்துது, கோட்ட இழக்குது. ஓரளவுக்குனு சொல்றேன், ஏன்னா ஃபிஷ்ஐயிலயும் கடைசி ஓரத்துல பொருள் கொஞ்சம் அமுங்கித்தான் வரும், ஆனா அல்ட்ரா வைட்ல இழுபடற அளவுக்கு இருக்காது. ரெண்டுல எதையும் கோளாறுனு சொல்லக்கூடாது, ரெண்டும் தெரிஞ்சே எடுத்த முடிவு.

கடல் எப்ப வளையும், எப்ப வளையாது

நம்ம கடற்கரைக்காரங்களுக்கு இந்த விதி ரொம்ப உபயோகம், ஏன்னா நம்ம படத்துல பாதிக்கு மேல கடல் எல்லைக்கோடு இருக்கும். ஃபிஷ்ஐ மாட்டிட்டு அந்தக் கோட்ட படத்தோட சரியா நடுவுல வச்சா அது வளையாது, நேரா இருக்கும். பலபேர் இத நம்ப மாட்டாங்க, செஞ்சு காட்டினாத்தான் நம்புவாங்க. கேமராவ கொஞ்சம் கீழ சாச்சா எல்லைக்கோடு படத்தோட மேல்பாதிக்குப் போகும், அப்ப நடு உயர்ந்து ரெண்டு பக்கமும் இறங்கி மேடு மாதிரி ஆகும். மேல சாச்சா கோடு கீழ்பாதிக்கு வரும், அப்ப நடு தொங்கி ரெண்டு ஓரமும் தூக்கிக்கிட்டு கிண்ணம் மாதிரி ஆகும். தனுஷ்கோடிங்கற பேருல தனுஷ்னா வில்லு, கோடின்னா முனை. அந்த மணல்திட்ட ஃபிஷ்ஐயில கேமராவக் கீழ சாச்சு எடுத்தா கடல் நிஜமாவே வில்லா வளைஞ்சு நிக்கும், எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு உதாரணம் ராமேஸ்வரம் கோயில் மூணாம் பிரகாரம், 1,212 தூண் இருக்கறதா சொல்வாங்க. உள்ள கேமரா கொண்டு போக விடமாட்டாங்க, அதனால மனசுலதான் எடுத்துப் பாக்கணும். நடுவுல நின்னு நேரா பாத்தா தரையோட ரெண்டு ஓரமும் கூரையோட ரெண்டு ஓரமும் தூரத்துல ஒரே புள்ளிக்குப் போய்ச் சேருது. அந்தப் புள்ளிய படத்துக்கு நடுவுல வச்சா ஃபிஷ்ஐயிலயும் இந்த நாலு கோடும் நேராவே இருக்கும், குடைக்கம்பி மாதிரி. ஆனா செங்குத்தா நிக்கற தூணுங்க, கிட்டக்க இருக்கறது, அடைப்புக்குறி மாதிரி ரெண்டு பக்கமும் வளையும். ரெக்டிலீனியர்ல தூண் நேரா நிக்கும், ஆனா பக்கத்துத் தூண் ரொம்பத் தடியாவும் தூரத்துத் தூண் ஈர்க்குச்சியாவும் தெரிஞ்சு பிரகாரம் நிஜத்த விட நீளமாத் தோணும்.

மீன் பேரு எப்படி வந்துச்சு

மீனோட கண்ணு உருண்டையா இருக்கறதால வந்த பேருனு நினைக்கறாங்க, அப்படி இல்ல. தண்ணிக்குள்ள இருந்து மேல பாத்தா மீனுக்கு உலகம் எப்படித் தெரியும்ங்கறதுல இருந்து வந்த பேரு.

கடல் அமைதியா இருக்கற நாள்ல ஒரு ஆள் ஆழத்துக்கு முங்கி அண்ணாந்து பாத்தவங்களுக்குத் தெரியும், தலைக்கு மேல வெளிச்சமா ஒரு வட்டம் இருக்கும், அதுக்கு வெளிய மேல்தண்ணி இருட்டா இருக்கும். காத்துல இருந்து தண்ணிக்குள்ள வர்ற வெளிச்சம் மடங்கும், இதுக்கு ஒளிவிலகல்னு பேரு. அடிவானத்துல இருந்து கிட்டத்தட்ட படுத்துக்கிட்டு வர்ற வெளிச்சம் கூட மடங்கி செங்குத்துல இருந்து சுமார் 48.6 டிகிரிக்குள்ள வந்துரும். அதனால மேல இருக்கற மொத்த 180 டிகிரி வானமும், கரையில நிக்கற பனைமரம், நங்கூரம் போட்ட வள்ளம் எல்லாமும், தண்ணிக்குள்ள சுமார் 97 டிகிரி வட்டத்துக்குள்ள சுருங்கி அடங்கிரும்.

1906-ல ராபர்ட் வுட்ங்கற அமெரிக்க இயற்பியல்காரர் இதப் படமா எடுத்தே காட்டினாரு, தண்ணி நெறச்ச பாத்திரத்துல ஊசித்துளை வச்சு, உள்ள போட்டோ பிளேட்ட வச்சு. ஃபிஷ்ஐங்கற பேரும் அவர்கிட்ட இருந்து வந்ததுதான். 1920-கள்ல இங்கிலாந்துல ராபின் ஹில்ங்கறவரு தண்ணிக்குப் பதிலா கண்ணாடியில மொத்த வானத்தையும் ஒரே படத்துல எடுக்கற லென்ஸ வடிவமைச்சாரு, மேகத்தப் படம் பிடிச்சு ஆராய்றதுக்கு. ஆக ஃபிஷ்ஐ விளையாட்டுக்குப் பிறந்த லென்ஸ் இல்ல, வானிலைக்காகப் பிறந்தது. புயல் பாத்த ஊர்க்காரங்களுக்கு இது ஞாபகம் இருக்கட்டும்.

எம்எம் ஒண்ணு, அகலம் வேற

இங்கதான் கடையில ஏமாறுவாங்க. 15 எம்எம்னு எழுதின ரெண்டு லென்ஸ் இருக்கலாம். ரெக்டிலீனியர் 15 எம்எம், ஃபுல் ஃபிரேம்ல, மூலைக்கு மூலை சுமார் 110 டிகிரி. ஃபிஷ்ஐ 15 எம்எம் மூலைக்கு மூலை 180 டிகிரி. எம்எம் அதேதான், ஏன்னா எம்எம்ங்கற நம்பர் நடுவுல இருக்கற பொருள் எவ்ளோ பெருசா விழும்ங்கறத மட்டும்தான் சொல்லுது, ஓரத்த எப்படி மடிச்சு வைக்கறாங்கங்கறத சொல்லாது.

ஃபிஷ்ஐயிலயும் ரெண்டு வகை. வட்ட ஃபிஷ்ஐ, 8 எம்எம் மாதிரி, கறுப்புக்கு நடுவுல முழு வட்டமா படம் தரும். முழுச்சட்ட ஃபிஷ்ஐ, 15, 16 எம்எம் மாதிரி, படம் முழுக்க நிறைஞ்சிருக்கும், மூலைக்கு மூலை மட்டும்தான் 180, அகலவாக்குல 140 டிகிரி சொச்சம்தான். சின்ன சென்சார் கேமராவுல இதே லென்ஸ மாட்டினா ஓரம் வெட்டுப்பட்டு வளைவு குறைஞ்சு தெரியும், அதனால கேமரா என்னனு சொல்லாம லென்ஸ் மட்டும் கேட்டு வாங்காதீங்க.

போன்ல இருக்கற 0.5 எதுல சேரும்? பெரும்பாலும் ரெக்டிலீனியர் பக்கம்தான். அந்தக் குட்டி லென்ஸ் கோட்ட வளைச்சுத்தான் எடுக்கும், போனுக்குள்ள இருக்கற சாஃப்ட்வேர் நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே நிமித்திரும். அதனாலதான் 0.5-ல குரூப் செல்ஃபி எடுத்தா ஓரத்துல நிக்கறவங்க முகம் இழுபடுது. அது ஃபிஷ்ஐயால வந்தது இல்ல, ஃபிஷ்ஐக்கு நேர் எதிரான வேலையால வந்தது. சில போன்ல முகத்த மட்டும் தனியா சரிபண்ற வசதி இருக்கு, அது வேற.

மூக்கு பெருசாறது

இது லென்ஸ் வகையால வர்றது இல்ல, தூரத்தால வர்றது. ஒரு வள்ளத்தோட அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, ஒரு முழம் தள்ளி நின்னு பாத்தா அணியம் மலை மாதிரி இருக்கும், பின்பக்கம் எலிவால் மாதிரி சிறுத்திருக்கும், வெறுங்கண்ணால பாத்தாலே அப்படித்தான். பத்தடி பின்னாடி போனா வள்ளம் வள்ளமா ஆயிரும். அகல லென்ஸ் மாட்டினா சட்டத்த நிரப்ப நாமளே கிட்டக்கப் போயிடறோம், பழிய லென்ஸ் மேல போடறோம். கிட்டக்கப் போனதால வர்ற மாற்றம் வேற, ஓரத்துல இழுபடறது வேற, கோடு வளையறது வேற. இந்த மூணையும் சேத்து மொத்தமா டிஸ்டார்ஷன்னு சொல்றதாலதான் பேச்சே குழம்புது.

சாஃப்ட்வேர்ல நிமித்தலாமே?

நிமித்தலாம். ஃபிஷ்ஐ படத்த கம்ப்யூட்டர்ல ரெக்டிலீனியரா மாத்தறது கணக்குதான், கோப்ரோ கேமராவுல லீனியர்னு ஒரு மோடே இருக்கு. ஆனா ஓசியில கிடைக்காது. ஓரத்துல இருந்த கொஞ்சூண்டு விவரத்த இழுத்து 3 மடங்கு 4 மடங்கு இடத்துல பரப்பும், அதனால மூலை மங்கிரும், மிச்சத்த வெட்டியும் போட்டுரும். 180 டிகிரி முழுசையும் நிமித்தவே முடியாது, டார்ச்சும் சுவரும் ஞாபகம் இருக்கும். அளவா நிமித்தினா, நடுப்பகுதி நல்லாவே வரும்.

நம்ம கரையில எதுக்கு எத மாட்டலாம்

பாலம், வீடு, தனுஷ்கோடியில 1964 புயல்ல இடிஞ்சு நிக்கற சர்ச் சுவர், இதெல்லாம் எனக்கு ரெக்டிலீனியர்தான். கேமராவ சமமாப் பிடிக்கணும், அண்ணாந்து எடுத்தா சுவர் பின்னாடி சாயற மாதிரி வரும், அது கேமராவ சாச்சதால வர்றது.

கடலுக்கடியில ஃபிஷ்ஐக்கு ஈடே இல்ல. பவளப்பாறையில நேர்கோடே கிடையாது, அதனால வளைவு கண்ணுக்கே தெரியாது. கலங்கின தண்ணியில படம் தெளிவா வரணும்னா பொருளுக்குப் பக்கத்துல போகணும், கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவுல தண்ணி குறைய குறைய தெளிவு கூடும். ஃபிஷ்ஐ ஒரு சாண் தூரத்துல இருக்கறதயும் அகலமா எடுக்கும். அதுக்கு முன்னாடி அரைக்கோளமா ஒரு கண்ணாடிக் கூடு மாட்டுவாங்க, தட்டைக் கண்ணாடி வச்சா தண்ணி வெளிச்சத்த மடக்கி அகலத்தக் குறைச்சிரும்.

ராத்திரி வானத்துக்கு ரெண்டும் சரி. அரிச்சல்முனை பக்கம் நிலா இல்லாத ராத்திரியில அல்ட்ரா வைட்ல எடுத்தா மூலையில நட்சத்திரம் இழுபட்டு வரலாம், மூலை இருட்டாவும் இருக்கும். ஃபிஷ்ஐயில நட்சத்திரக் கூட்டத்தோட உருவம் பெருசா மாறாது, வளையறதுக்கு அங்க அடிவானத்த விட்டா வேற கோடும் கிடையாது.

மனுஷங்கள எடுக்கறப்ப ரெண்டையும் பையில வச்சுட்டு நாலடி பின்னாடி போங்க.

ரெண்டாங்கை லென்ஸ் வாங்கப் போறவங்க கடையிலயே ஒரு நிமிஷத்துல கண்டுபிடிக்கலாம். கேமராவுல மாட்டி, கதவு நிலைய படத்தோட ஓரத்துல கொண்டு போய் வச்சுப் பாருங்க. நிலை நேரா நின்னா ரெக்டிலீனியர், வில்லா வளைஞ்சா ஃபிஷ்ஐ. வாங்கற எண்ணம் இல்லாதவங்க வீட்டுல ரெண்டு உரிச்ச தேங்காய எடுத்து ஒண்ண போன் 0.5-ல நடுவுலயும் இன்னொண்ண அதே தூரத்துல சட்டத்தோட ஓரத்துலயும் வச்சு ஒரு படம் எடுங்க. ஓரத்துத் தேங்காய் நீண்டிருக்கும்.